பில் அனுப்பாத மின்நிறுவனம்: பவர்கிரிட்டும் தெற்கு இணைந்த கதையும்

வயல்களைக் கடந்து வரிசையாகப் போகும் பெரிய இரும்புக் கோபுரங்களைப் பார்த்தால் "ஈ.பி. டவர்" என்று சொல்லிவிடுவது நம் பழக்கம். அவற்றில் பல மின்வாரியத்துடையவை அல்ல. இந்திய அரசு பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்கும் பவர்கிரிட் கார்ப்பரேஷனுடையவை. இந்த நிறுவனம் எந்த வீட்டுக்கும் பில் அனுப்புவதில்லை, மீட்டர் பார்க்க ஆள் அனுப்புவதில்லை. நம் தெருவில் கரண்ட் போனால் அதைக் கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. அப்படியிருந்தும் நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் கிட்டத்தட்ட பாதி, நம் வீட்டு சுவிட்சுக்கு வருவதற்குள் அதன் கம்பிகளில் ஏறி இறங்கியிருக்கும்.

மின்சாரத்தின் பயணத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் இந்த நிறுவனத்தின் இடம் எளிதாகப் புரியும். முதலில் உற்பத்தி: நெய்வேலி, கூடங்குளம், முப்பந்தல் காற்றாலைகள் மாதிரி. கடைசியில் விநியோகம்: தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், மின்கம்பம், மீட்டர். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மின்செலுத்தல், அதாவது டிரான்ஸ்மிஷன். மாநிலத்துக்குள் இந்த வேலையைத் தமிழ்நாட்டில் மாநில அரசின் டான்டிரான்ஸ்கோ நிறுவனம் பார்க்கிறது. மாநில எல்லைகளைத் தாண்டும் லைன்களில் பெரும்பகுதி பவர்கிரிட்டிடம். கூடங்குளத்தின் மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் பங்கு உண்டு. ஆகவே அங்கிருந்து புறப்படும் 400 கிலோவோல்ட் லைன்கள் பவர்கிரிட்டுடையவை.

அவ்வளவு அதிக மின்னழுத்தம் எதற்கு? ஒரே அளவு மின்சாரத்தைப் பத்து மடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகிவிடும். கம்பி சூடாகி வீணாகும் ஆற்றலோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் இழப்பு நூறில் ஒன்றாகக் குறைகிறது. தூரம் கூடக் கூட அழுத்தமும் ஏறுவது இந்தக் கணக்கினால்தான். 220, 400, 765 என்று கிலோவோல்ட் எண்கள் வளர வளர கோபுரமும் உயர்கிறது, அதன் கீழே ஒதுக்க வேண்டிய நிலப்பட்டையும் அகலமாகிறது. இந்த நிலப்பட்டைக்குப் பிறகு திரும்பி வருகிறேன். இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி அது.

சிதறிக் கிடந்த கம்பிகள்

சுதந்திரத்துக்குப் பிறகு மின்சாரம் மாநிலங்களின் கையில் இருந்தது. ஒவ்வொரு மின்வாரியமும் தன் எல்லைக்குள் தானே உற்பத்தி செய்து தானே விநியோகித்தது. 1960களில் நாட்டை வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு, வடகிழக்கு என ஐந்து மண்டலங்களாகப் பிரித்தார்கள். பக்கத்து மாநிலங்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்க இது உதவியது. 1975-ல் மத்திய அரசு என்.டி.பி.சி., என்.எச்.பி.சி. என்ற உற்பத்தி நிறுவனங்களைத் தொடங்கியதும், ஓர் அனல்மின் நிலையத்தின் மின்சாரம் ஐந்தாறு மாநிலங்களுக்குப் போக வேண்டிய நிலை வந்தது. அந்த லைன்களையெல்லாம் உற்பத்தி நிறுவனங்களே போட்டுக்கொண்டன. தன் நிலையத்திலிருந்து மின்சாரம் வெளியேறினால் போதும் என்பதுதான் அவற்றின் கணக்கு. நாடு முழுவதையும் ஒரே வலையாக நினைத்துத் திட்டமிட யாரும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க 23 அக்டோபர் 1989 அன்று தேசிய மின்செலுத்து நிறுவனம் பதிவானது. மற்ற மத்திய நிறுவனங்களின் லைன்களும் துணை மின்நிலையங்களும், அவற்றைப் பராமரித்த ஊழியர்களும் அடுத்த சில ஆண்டுகளில் அதற்கு மாற்றப்பட்டனர். 1992 அக்டோபரில் பவர்கிரிட் என்று பெயர் மாறியது. 2007-ல் பங்குச் சந்தைக்கு வந்தது, 2019-ல் மிகப்பெரிய அரசு நிறுவனங்களுக்குத் தரும் மகாரத்னா தகுதி பெற்றது. இன்று அதன் வலை 1,75,000 சுற்றுக் கிலோமீட்டரைத் தாண்டியது. ஒரு கோபுரத்தில் இரண்டு சுற்றுக் கம்பிகள் போனால் ஒரு கிலோமீட்டரை இரண்டாக எண்ணுவார்கள். அதனால்தான் 'சுற்றுக் கிலோமீட்டர்' என்கிறார்கள். அதன் துணை மின்நிலையங்கள் 270-க்கும் மேல். லைன்கள் தயார் நிலையில் இருக்கும் நேரம் ஆண்டுக்கு 99.8 சதவீதத்துக்கு மேல் என்பது அந்த நிறுவனம் தொடர்ந்து காட்டிவரும் கணக்கு. பனி மூடிய வடக்கு, புயல் அடிக்கும் ஒடிசா, ஆந்திரக் கடற்கரை, நிலச்சரிவு நிறைந்த இமயமலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இது பெரிய உழைப்பு. புயலில் கோபுரம் சாய்ந்தால் புதிதாகக் கட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை காத்திருக்காமல், கழற்றி மாட்டும் தற்காலிகக் கோபுரங்களை லாரியில் கொண்டுபோய் நிறுத்தி, சில நாட்களில் மின்சாரத்தை ஓடவிடும் குழுக்கள் அவர்களிடம் இருக்கின்றன.

மண்டலங்களை ஒன்று சேர்ப்பது ஒரே நாளில் நடந்ததல்ல. கிழக்கும் வடகிழக்கும் 1991-ல் சேர்ந்தன. மேற்கு 2003-லும் வடக்கு 2006-லும் அவற்றோடு இணைந்தன. தெற்கு மட்டும் தனியாகவே நின்றது.

தேர்வடமும் 50 ஹெர்ட்ஸும்

'சேர்வது' என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் மின்சாரம் மாறுதிசை மின்சாரம். விநாடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. இந்த அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது மின்நிலையங்களில் சுழலும் ஜெனரேட்டர்களின் வேகம். ஒரே மாறுதிசை வலையில் இணைந்த அத்தனை ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில் சுழன்றாக வேண்டும். தேர்வடம் பிடிப்பது போலத்தான். ஆயிரம் பேர் இழுக்கும்போது நூறு பேர் கையை விட்டால் தேர் உடனே நிற்காது, ஆனால் வேகம் குறையும், மீதிப் பேரின் தோளில் பாரம் ஏறும். உற்பத்தியைவிட உபயோகம் கூடினால் அதிர்வெண் 50-க்குக் கீழே இறங்கும். உபயோகம் குறைந்தால் மேலே ஏறும். வலையில் மின்சாரத்தைப் பெரிய அளவில் சேர்த்துவைக்க இடமில்லாததால் இந்தச் சமநிலையை ஒவ்வொரு விநாடியும் காக்க வேண்டும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. மாறுதிசை வலையில் மின்சாரத்தை 'இந்த லைன் வழியாகப் போ' என்று ஏவ முடியாது. ஒப்பந்தம் யாருக்கும் யாருக்கும் நடுவில் இருந்தாலும் சரி, எங்கே தடை குறைவோ அந்த வழியாக அது தானாகப் பாயும். ஒரு லைன் விழுந்தால் அதில் ஓடிய மின்சாரம் அடுத்த கணமே பக்கத்து லைன்கள் மேல் ஏறும். அவை தாங்காவிட்டால் அவையும் விழும். இப்படித்தான் ஒரு சின்னத் தடங்கல் நாடு தழுவிய இருட்டாகிறது.

2012 ஜூலையில் நடந்தது இதுதான். அந்த ஆண்டு பருவமழை தாமதமாகி, வட மாநிலங்களில் பாசன மோட்டார்களும் ஏ.சி.க்களும் முழுவேகத்தில் ஓடின. மேற்கிலிருந்து வடக்குக்கு வரும் பாதையில் பீனா–குவாலியர்–ஆக்ரா வழித்தடத்தின் ஒரு சுற்றை, 765 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தும் பணிக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். மீதமிருந்த ஒரு 400 கிலோவோல்ட் சுற்றின் மேல் சுமை ஏறிக்கொண்டே போனது. வட மாநிலங்கள் தங்கள் ஒதுக்கீட்டைவிட அதிகமாக இழுத்தன. குறைக்கச் சொல்லி மண்டலக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து போன உத்தரவுகளுக்குப் போதிய பலன் இல்லை. ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு பீனா–குவாலியர் லைன் டிரிப் ஆனது. அதில் எந்தப் பழுதும் இல்லை என்பதுதான் முக்கியம். லைனைக் காக்க வைத்திருக்கும் ரிலே, அழுத்தம் குறைந்து மின்னோட்டம் கூடியதைப் பார்த்து, எங்கோ தூரத்தில் பழுது என்று தவறாக முடிவெடுத்துத் துண்டித்துவிட்டது. வடக்கு மண்டலம் முழுவதும் இருண்டது.

அன்றைக்கு மாலைக்குள் சரிசெய்தார்கள். மறுநாள் பகல் ஒரு மணிக்கு அதே இடத்தில் அதே கதை. இந்த முறை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. அந்த மண்டலங்களில் வாழ்ந்தவர்கள் 60 கோடிக்கும் மேல். டெல்லி மெட்ரோ நின்றது, நூற்றுக்கணக்கான ரயில்கள் நடுவழியில் நின்றன, மேற்கு வங்கத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தொழிலாளர்கள் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கையைப் படித்தால், கம்பி போதாததைவிட ஒழுங்கு போதாததுதான் கண்ணில் படுகிறது. அதிர்வெண் விழும்போது தானாகச் சுமையைக் குறைக்கும் ரிலேக்களை மாநிலங்கள் முறையாக வைத்திருந்தால் பாதிப்பு இவ்வளவு பரவியிருக்காது. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2014 முதல் அதிர்வெண் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்றானது. ஒதுக்கீட்டைவிட அதிகம் இழுத்தால் அபராதத்தோடு அளவு வரம்பும் வந்தது. வலையின் நிலையைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை பார்த்த இடத்தில், விநாடிக்கு 25 முறை அளந்து அனுப்பும் கருவிகளைப் பவர்கிரிட் பொருத்தியது.

அந்த ஒழுங்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை 5 ஏப்ரல் 2020 இரவு காட்டியது. ஊரடங்கின்போது இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைக்கச் சொன்னார் பிரதமர். 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். குறைந்ததோ சுமார் 31,000 மெகாவாட். நீர்மின் நிலையங்களைச் சரசரவென இறக்கி, விளக்குகள் திரும்ப எரிந்தபோது அதே வேகத்தில் ஏற்றி, வலையை நிலையாக வைத்திருந்தார்கள். அந்த இரவில் கட்டுப்பாட்டு அறைகளில் உட்கார்ந்திருந்த பொறியாளர்களின் வேலையை நாம் போதுமான அளவு பாராட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

தனியாக நின்றதன் விலை

2012 ஜூலை இருட்டில் தமிழ்நாடு சிக்கவில்லை. தெற்கு மண்டலம் மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைந்திருக்கவில்லை என்பதே காரணம். ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலார் வரை வரும் நேர்மின்சார (ஒரே திசையில் ஓடும் மின்சார) லைன், ஆந்திரத்தின் காஜுவாக்கா, மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் பக்கம் இருக்கும் மாற்று நிலையங்கள் ஆகியவை வழியாக மட்டுமே வெளியிலிருந்து மின்சாரம் வந்தது. மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, அந்தப் பக்கம் திரும்ப மாறுதிசையாக்கும்போது தாளம் கடத்தப்படுவதில்லை. இரண்டு தனித்தனித் தேர்கள் மாதிரி. ஒன்று தடுமாறினாலும் மற்றொன்று தன் வேகத்தில் போகும்.

ஆனால் அந்த ஆண்டு தமிழ்நாட்டில் இருந்தவர்கள் 'தப்பித்தோம்' என்று சொல்ல மாட்டார்கள். சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. கோவை, திருப்பூர் பட்டறைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் கரண்ட் வரும் நேரம் பார்த்து ஷிஃப்ட் போட்டார்கள், டீசல் ஜெனரேட்டர் ஓட்டிக் கைக்காசை இழந்தார்கள். பிள்ளைகள் பரீட்சைக்கு எமர்ஜென்சி விளக்கில் படித்தார்கள். அதே நேரத்தில் மேற்கிலும் கிழக்கிலும் விற்க மின்சாரம் இருந்தது. கொண்டுவரத்தான் பாதையில்லை. டெல்லி விட்டுக்கொடுத்த மின்சாரத்தைத் தனக்குத் தரச்சொல்லி தமிழக அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. வழித்தடத்தில் இடமில்லை என்பதே கிடைத்த பதில். மின்சாரச் சந்தையில் இந்த நெரிசல் விலையாகவே தெரிந்தது: ஒரே நாள், ஒரே மணி நேரத்துக்கு வடக்கில் ஒரு விலை, தெற்கில் அதைவிட மிக அதிகமான விலை.

ஆக, இருட்டிலிருந்து நம்மைக் காத்ததும் மின்வெட்டில் நம்மை வாட்டியதும் ஒரே காரணம்தான்.

31 டிசம்பர் 2013 இரவு, கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூருக்கும் நடுவே பவர்கிரிட் போட்ட 765 கிலோவோல்ட் லைனில் மின்சாரம் ஏறியது. சுமார் 200 கிலோமீட்டர் நீளமுள்ள லைன். அன்றிலிருந்து கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ஒரே அதிர்வெண். முதல் நாளே பெருவெள்ளமாக மின்சாரம் வந்துவிடவில்லை. புதிதாக இணைந்த இரண்டு பெரிய வலைகள் ஒன்றுக்கொன்று ஊசலாடாமல் இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அளவைக் கூட்டினார்கள். அதே பாதையில் இன்னொரு லைன், அப்புறம் வேறு பாதைகளில் புதிய லைன்கள் என்று வழித்தடம் விரிந்தது. சந்தையில் தெற்கின் தனி விலை சில ஆண்டுகளில் மங்கிப்போனது. மாநிலத்துக்குள் புதிய மின்நிலையங்கள் வந்ததும் காரணம்தான். ஆனால் தமிழ்நாட்டின் மின்வெட்டுக் காலம் முடிந்ததைப் பற்றிப் பேசும்போது இந்தக் கம்பிகளை விட்டுவிட்டுப் பேசுவது அரைக்கதை.

2007 வாக்கில் மண்டலங்களுக்கு இடையே கடத்தக்கூடிய அளவு சுமார் 14,000 மெகாவாட். இப்போது 1,18,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2024 மே 30 அன்று நாட்டின் தேவை 2,50,000 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டபோது அதைப் பூர்த்தி செய்ய முடிந்ததற்கு இந்த விரிவும் ஒரு காரணம்.

புகளூருக்கு வரும் நேர்மின்சாரம்

இந்த விரிவில் தமிழ்நாட்டுக்கு நேரடியாக வந்தது ராய்கர்–புகளூர் லைன். சத்தீஸ்கரின் ராய்கரில், நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டிய மின்நிலையங்களின் மின்சாரத்தை 800 கிலோவோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி, ஏறக்குறைய 1,765 கிலோமீட்டர் கடந்து புகளூரில் இறக்குகிறார்கள். கொள்ளளவு 6,000 மெகாவாட். கூடங்குளத்தில் இப்போது ஓடும் இரண்டு உலைகளின் அளவுக்கு மூன்று மடங்கு.

நீண்ட தூரத்துக்கு நேர்மின்சாரம் ஏன் என்றால், வழியில் இழப்பு குறைவு, மாறுதிசைக்கு வேண்டிய மூன்று கம்பிகளுக்குப் பதில் இரண்டு போதும், எவ்வளவு போக வேண்டும், எந்தத் திசையில் போக வேண்டும் என்று கட்டளையிட முடியும். இரண்டு முனைகளிலும் கட்ட வேண்டிய மாற்று நிலையங்கள்தான் பெருஞ்செலவு. அதனால் தூரம் அதிகமானால்தான் கட்டுப்படியாகும். திசை மாற்றும் வசதி தமிழ்நாட்டுக்கு இன்னொரு விதத்தில் முக்கியம். மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் அடித்துச் சுழலும் மாதங்களில், நமக்கு மிஞ்சியதை வடக்கே அனுப்பவும் இதே லைனைப் பயன்படுத்தலாம்.

புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்குப் போகும் கிளை இன்னும் நவீனமானது. 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட், 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. அதில் கேரளத்துக்குள் சுமார் 27 கிலோமீட்டர் தூரம் கம்பி பூமிக்கடியில் போகிறது. கேரளத்தில் நில நெருக்கடி காரணமாகச் செய்த ஏற்பாடு அது. இந்த 27 கிலோமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லைனும் கடிவாளமும் ஒரே கையிலா?

பவர்கிரிட்டுக்கு நெடுங்காலம் மூன்று வேடங்கள் இருந்தன. லைன்களின் உரிமையாளர். எங்கே புதிய லைன் வேண்டும் என்று திட்டமிடுபவர். எந்த நேரத்தில் யார் எவ்வளவு அனுப்பலாம் என்று கட்டுப்படுத்துபவர். ஒரு சாலையைக் கட்டுபவரே அடுத்த சாலை எங்கே என்று முடிவுசெய்து, அதில் யார் வண்டி போகலாம் என்றும் சொன்னால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? வேலை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் அந்தச் சந்தேகம் போகாது.

ஆகவே ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கட்டுப்பாட்டு மையங்களை 2010-ல் பொசோகோ என்ற துணை நிறுவனம் ஏற்றது. 2017-ல் அது தனி அரசு நிறுவனமானது, 2022-ல் கிரிட்-இந்தியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. தெற்கின் கட்டுப்பாட்டு மையம் பெங்களூருவில் இருக்கிறது. திட்டமிடும் பொறுப்பு 2021 ஏப்ரலில் பவர்கிரிட்டின் துணை நிறுவனம் ஒன்றுக்குப் போனது. பிரிட்டனிலும் இதே கேள்வி எழுந்து, 2024 அக்டோபரில் வலையை இயக்கும் பொறுப்பைத் தனியார் நிறுவனத்திடமிருந்து எடுத்து அரசு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தார்கள். சீனாவிலோ கம்பியும் கட்டுப்பாடும் இன்றும் அதே அரசு வலை நிறுவனங்களின் கைக்குள். என் பார்வையில், கம்பி அரசுடையதா தனியாருடையதா என்ற வாதத்தைவிடக் கடிவாளம் யாரிடம் என்பதே பெரிய கேள்வி. அதில் இந்தியா எடுத்த பாதை சரியானது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம், லைன் போட ஆன செலவைச் சரிபார்த்து, அதன் மேல் முதலீட்டுக்கு இவ்வளவு ஆதாயம் என்று நிர்ணயித்துக் கொடுக்கும். பல ஆண்டுகள் அது 15.5 சதவீதமாக இருந்தது. ஆபத்தில்லாத வருமானம் என்பதால்தான் பவர்கிரிட்டால் மலிவு வட்டியில் கடன் வாங்கி இவ்வளவு வேகமாக வளர முடிந்தது. 2011-லிருந்து பெரும்பாலான புதிய லைன்களுக்குப் போட்டி ஏலம். தனியார் நிறுவனங்களும் வந்தன, பவர்கிரிட்டும் அவர்களோடு போட்டியிட்டு வெல்கிறது. இந்தக் கட்டணங்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டி, மாநிலங்களுக்கு இடையேயான வலையைப் பயன்படுத்துபவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் பங்கு மாநில மின்வாரியத்தின் செலவில் சேர்ந்து, கடைசியில் நம் யூனிட் கட்டணத்துக்குள் கரைந்துவிடுகிறது. பவர்கிரிட் பில் அனுப்பாவிட்டாலும் அதற்குப் பணம் கட்டுகிறோம்.

கோபுரத்தின் நிழலில்

அந்தக் கட்டணத்தில் சேராத ஒரு செலவு இருக்கிறது. அதைக் கொங்குப் பகுதி விவசாயிகள் 2018, 2019-ல் ஊரறியச் சொன்னார்கள். ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல், கரூர் மாவட்டங்களின் தென்னந்தோப்புகளுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே பவர்கிரிட், டான்டிரான்ஸ்கோ இரண்டின் உயர்மின் கோபுரங்களும் வரிசையாக வந்தபோது, போராட்டம் பல மாதங்கள் நீண்டது. கோபுரம் போகும் நிலத்தை அரசு விலைக்கு எடுப்பதில்லை. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். ஆனால் 765 கிலோவோல்ட் இரட்டைச் சுற்று லைன் என்றால் 67 மீட்டர், 800 கிலோவோல்ட் நேர்மின்சாரம் என்றால் 69 மீட்டர் அகலத்துக்கு அந்தப் பட்டையில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. நிலத்தை விற்கப் போனால் வாங்குபவர் முதலில் மேலே பார்ப்பார். அடமானம் வைக்கப் போனாலும் மதிப்பு குறையும்.

சட்டம் இதில் நிலக்காரர் பக்கம் பெரிதாக நிற்கவில்லை. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு, லைன் போடும் நிறுவனத்துக்கு 1885-ம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தில் இருந்த அதிகாரத்தைக் கொடுத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தந்திக் கம்பம் நட எழுதிய சட்டம் அது. உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. எதிர்த்தால் மாவட்ட ஆட்சியர் உத்தரவிடலாம், இழப்பீடு போதாதென்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரு தந்திக் கம்பத்துக்கும் தென்னையைவிட உயரமான இரும்புக் கோபுரத்துக்கும் சட்டம் வித்தியாசம் பார்க்கவில்லை.

விவசாயிகள் கேட்டது இரண்டு. ஒன்று, சாலையோரமாகப் பூமிக்கடியில் கொண்டுபோங்கள். கேரளத்தில் 27 கிலோமீட்டர் புதைத்தீர்களே என்பது அவர்களின் நியாயமான கேள்வி. இதில் பொறியியல் பதிலும் உண்மையானதுதான். மாறுதிசை மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் நீண்ட தூரம் கேபிளில் அனுப்பினால், கேபிளே ஒரு பெரிய மின்தேக்கி போல நடந்து, அதை நிரப்பி வடிப்பதிலேயே கொள்ளளவு போய்விடும். நேர்மின்சாரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 320 கிலோவோல்ட்டில் 2,000 மெகாவாட் அனுப்புவதும் 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் அனுப்புவதும் ஒன்றல்ல. செலவும் பல மடங்கு. ஆக, எல்லாவற்றையும் புதைக்க முடியாது என்பது சரி. எந்த இடத்தில் புதைக்கலாம், எந்த இடத்தில் பாதையை வளைக்கலாம் என்று நிலக்காரரோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்பதும் சரிதான். அந்தப் பேச்சு அளவெடுக்கும் முன்பே நடந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கோரிக்கை மாத வாடகை. செல்போன் டவர் வைத்தவருக்கு மாதாமாதம் வாடகை வருகிறது, மின்கோபுரம் வைத்தவருக்கு ஏன் கிடையாது? இதற்கு இன்றுவரை யாரும் திருப்தியான பதில் சொல்லி நான் கேட்கவில்லை.

இழப்பீட்டு விதிகள் கொஞ்சம் அசைந்திருக்கின்றன. 2015 அக்டோபரில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதலில், கோபுரத்தின் நான்கு கால்களுக்குள் அடங்கும் நிலத்துக்கு அதன் மதிப்பில் 85 சதவீதம், மேலே கம்பி போகும் பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதைக் கோபுர அடிக்கு 200 சதவீதமாகவும் பட்டைக்கு 30 சதவீதமாகவும் உயர்த்தினார்கள். இது உண்மையான முன்னேற்றம். ஆனால் இவை வழிகாட்டுதல்கள், ஏற்று நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில். மதிப்பு என்பது ஆவணத்தில் உள்ள வழிகாட்டு மதிப்பா, சந்தை மதிப்பா என்பதில்தான் விவசாயியின் தலையெழுத்தே இருக்கிறது. ஏற்கெனவே கோபுரம் நட்டுவிட்ட நிலத்துக்காரருக்குப் புதிய விகிதத்தால் பெரிதாக ஒன்றும் வராது.

இழப்பீட்டைக் கூட்டினால் மின்கட்டணம் ஏறும் என்று ஒரு வாதம் உண்டு. ஏறும்தான். லைன் போட ஆகும் எல்லாச் செலவும் போல இதுவும் கணக்கில் சேர்ந்து, கோடிக்கணக்கான பயனாளிகளுக்குப் பிரிந்து போகும். கொடுக்காவிட்டால் அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை. வழியில் நிலம் வைத்திருந்த ஒரே பாவத்துக்காகச் சில ஆயிரம் குடும்பங்கள் அதைத் தனியாகச் சுமக்கிறார்கள். 2012-ல் நாளுக்குப் பத்து மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த நாம்தான் இந்த லைன்களின் பலனை அனுபவிக்கிறோம். யூனிட்டுக்குச் சில பைசா கூடினாலும் அதைப் பகிர்ந்துகொள்ள நமக்குக் கடமை இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

இந்தக் கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. சூரியனும் காற்றும் இருக்கும் இடத்தில்தான் இனி மின்சாரம் விளையும். அவை நகரங்களுக்குப் பக்கத்தில் இருப்பதில்லை. லடாக்கின் பாங்கிலிருந்து ஹரியானாவின் கைத்தல் வரை மொத்தம் சுமார் 700 கிலோமீட்டருக்கு, அதில் பெரும்பகுதி நேர்மின்சாரமாக, லைன் போடும் 20,773 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்து, பவர்கிரிட்டிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில்கள் கம்பியில் மோதிச் சாவதை முன்வைத்து உச்ச நீதிமன்றமே பாதையைப் பற்றி ஆராய வேண்டி வந்தது. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைத் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை நிதியுதவி அறிவித்தது. கடலுக்குள் இருக்கும் துணை மின்நிலையத்திலிருந்து கரை வரை மின்சாரத்தைக் கொண்டுவரும் பொறுப்பு பவர்கிரிட்டுக்கு. கரையேறியதும் அங்கிருந்து உள்நாட்டுக்கு லைன் போக வேண்டும். தெற்கு மாவட்டங்களில் அதற்கான அளவீடு தொடங்கும் முன் கிராமசபையில் வரைபடத்தை விரித்துக் காட்டினால், கொங்குப் பகுதியில் நடந்தது அங்கே நடக்காமல் இருக்கலாம்.